பச்சைக் காய்க்குத் தொட்டுக்கிட ஒரு கடலைத் துவையல்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் நிகழ்த்திய உரை)



உரம், விதை நேர்த்தி, பூச்சி மருந்து என்று பேசுகிற ஆள் இன்னைக்குத் துவையல் அரைக்கச் சொல்லித்தர வந்துட்டாரே என்று சிரிக்காதீர்கள். இதுவும் விவசாயம்தான். விளைந்த பொருள் களத்தைவிட்டு வண்டி ஏறுவதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. அதில் நம் வீட்டுப் பிள்ளைகளின் தட்டுக்கு என்ன வந்தது என்பதையும் கணக்குப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் பச்சைக் காய் தின்பது புதுப் பழக்கம் இல்லை. கோடை வந்தால் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுகளில் வெள்ளரிப்பிஞ்சைக் கீறி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவி விற்கிறார்கள். மாங்காய்க் கீற்றும் அப்படித்தான். கூழுக்குச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்வது நம் தாத்தா காலத்துப் பழக்கம். இவை எல்லாம் நல்லதுதான். ஆனால் உப்பும் மிளகாயும் நாக்குக்கு ருசி தருமே தவிர, காயில் உள்ள ஒரு முக்கியமான சத்தை உடம்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்காது. அதைச் சேர்க்கிற வேலையைச் செய்வது எண்ணெய். அந்த எண்ணெய் நம் நிலக்கடலையிலேயே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடலைத் துவையல்.

பச்சையாக ஏன், எண்ணெயோடு ஏன்?

முதலில் பச்சையாக ஏன் தின்ன வேண்டும் என்று பார்ப்போம். காய்கறியில் உள்ள வைட்டமின் 'சி' சூட்டுக்குத் தாங்காது, தண்ணீரிலும் கரைந்துவிடும். காயை நறுக்கிவைத்துக் கழுவி, நிறையத் தண்ணீர் ஊற்றி வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் வடித்துவிட்டால் அதில் பெரும்பகுதி போய்விடும். பச்சையாகத் தின்னும்போது அந்த நஷ்டம் இல்லை. வைட்டமின் 'சி' இன்னொரு உபகாரமும் செய்கிறது. கம்பு, கேழ்வரகு, கீரை இவற்றில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது கைகொடுக்கிறது. ரத்தசோகை உள்ள பெண்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, எண்ணெய் ஏன்? கேரட்டின் சிவப்பும் கீரையின் கரும்பச்சையும் சும்மா வந்த நிறம் இல்லை. அங்கே கரோட்டின் என்கிற பொருள் இருக்கிறது. கீரையில் பச்சை நிறம் அதை மறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் கரோட்டினைத்தான் நம் உடம்பு வைட்டமின் 'ஏ' ஆக மாற்றிக்கொள்கிறது. கண்ணுக்கும், தோலுக்கும், நோயை எதிர்க்கும் சக்திக்கும் அது வேண்டும். ஆனால் கரோட்டின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். சாப்பாட்டில் எண்ணெயே இல்லை என்றால் அதில் பெரும்பகுதி குடலில் தங்காமல் வெளியே போய்விடும்.

அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரிப் பச்சைக் காய்கறியைச் சிலருக்கு வெவ்வேறு நாளில் கொடுத்தார்கள். ஒரு நாள் அதற்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பில் எண்ணெயே சேர்க்கவில்லை. இன்னொரு நாள் கொஞ்சம் சேர்த்தார்கள். வேறொரு நாள் நிறையச் சேர்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். எண்ணெய் இல்லாத நாளில் கரோட்டின் ரத்தத்தில் ஏறியதாகவே தெரியவில்லை. எண்ணெய் கூடக்கூட அதுவும் கூடியது. காய் அதே காய்தான். தொட்டுக்கொண்டதில்தான் வித்தியாசம்.

இதற்காகச் சட்டி நிறைய எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒரு சின்னக் கரண்டி, அதாவது நாலைந்து கிராம் எண்ணெய் இருந்தாலே கரோட்டினுக்குப் போதும்.

மதுரை கண்ட பாடம்

மாலைக்கண் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். பொழுது சாய்ந்ததும் பிள்ளை சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும். தட்டில் போட்ட சோறு கண்ணுக்குத் தெரியாது. கவனிக்காமல் விட்டால் கருவிழி வெளுத்து, குழைந்து, பார்வையே போய்விடும். காரணம் வைட்டமின் 'ஏ' பற்றாக்குறை.

மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில், அதாவது இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனையில், கண் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. இப்படிக் கண்ணை இழக்கும் நிலையில் வந்த பிள்ளைகளுக்காக 1970-களில் அங்கே ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் ஒன்று நடந்தது. பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்ததோடு விடாமல், தாய்மார்களுக்கு உள்ளூரில் கிடைக்கும் கீரையையும் பருப்பையும் வைத்துச் சமைத்துக்கொடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு அந்த டாக்டர் 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை.

பின்னாளில் அரவிந்த் மருத்துவர்கள், டாக்டர் லைலா ரஹ்மத்துல்லா முன்னின்று, அன்றைய திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட 15,419 பிள்ளைகள். ஒரு பாதிப் பேருக்கு வாரம் ஒரு தரம் சிறிய அளவில் வைட்டமின் 'ஏ' சொட்டு. மறு பாதிக்கு வைட்டமின் 'ஏ' இல்லாத சொட்டு. ஒரு வருஷம் வீடு வீடாகப் போய்க் கொடுத்தார்கள். 1990-இல் முடிவு வெளியானது. வைட்டமின் 'ஏ' கிடைத்த பிள்ளைகளில் சாவு மற்றவர்களில் இருந்ததைவிடப் பாதிக்கும் கீழே இருந்தது. கண்ணுக்கு மட்டும் என்று நினைத்திருந்த சத்து உயிரையே காக்கிறது என்பது தெரிந்தது.

இதில் விவசாயிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சொட்டில் வாரத்துக்குக் கொடுத்தது 8,333 யூனிட். அது ஏதோ பெரிய மருந்து அளவு இல்லை. நல்ல சாப்பாடு சாப்பிடுகிற பிள்ளைக்கு ஒரு வாரத்தில் சாப்பாட்டிலிருந்தே கிடைக்கக்கூடிய அளவுதான்.

இன்றைக்கு மாலைக்கண் வெகுவாகக் குறைந்துவிட்டது. அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும் 9 மாதம் முதல் 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வைட்டமின் 'ஏ' திரவம் கொடுக்கிறார்கள். அதை ஒரு தவணைகூட விடாதீர்கள். துவையல் அந்தச் சொட்டுக்குப் பதில் ஆகாது. ஆனால் ஐந்து வயதோடு சொட்டு நின்றுவிடும். அதற்குப் பிறகு காலம் பூராவும் தட்டுதான் கொடுக்க வேண்டும்.

எந்தக் காயில் என்ன?

வெள்ளரி, வெள்ளை முள்ளங்கி, சின்ன வெங்காயம், தக்காளி, கேரட், முட்டைக்கோஸ், பிஞ்சு வெண்டைக்காய் — இவற்றைப் பச்சையாகத் தின்னலாம். இதில் வெள்ளரியும் முள்ளங்கியும் தாகம் தணிக்கும், கொஞ்சம் வைட்டமின் 'சி'யும் தரும். கரோட்டின் என்று பார்த்தால் மிகக் குறைவு. கேரட்டில் நிறைய இருக்கிறது. ஆனால் அது நமக்குக் கொடைக்கானல் மலையிலிருந்து வர வேண்டும், விலை கொடுத்து வாங்க வேண்டும். அதுவும் பச்சைக் கேரட்டை நன்றாக மெல்லாமல் விழுங்கினால் சத்து முழுசாக வெளியே வராது.

"அப்ப வெறும் வெள்ளரிக்காய் வச்சிருக்கவன் என்ன சார் செய்றது?" என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வழி இருக்கிறது. காயில் இல்லாததைத் துவையலில் வைத்துவிடலாம். கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, கொத்தமல்லித் தழை மூன்றிலும் கரோட்டின் ஏராளம். குழம்பில் போட்ட கறிவேப்பிலையை நாம் எடுத்து வெளியே வைத்துவிடுகிறோம். துவையலில் அரைத்துவிட்டால் யாரும் எடுத்துப்போட முடியாது. அரைக்கும்போது இலையின் நாரும் திசுவும் உடைந்து உள்ளே இருக்கும் சத்து வெளியே வருகிறது. பக்கத்திலேயே கடலை எண்ணெய் இருப்பதால் அதில் கரைந்துகொள்கிறது. அம்மி செய்கிற இந்த வேலையைப் பல்லால் மட்டும் செய்ய முடியாது.

உருளைக்கிழங்கு, கத்தரி, அவரை, பீன்ஸ், மரவள்ளி இவற்றைப் பச்சையாகத் தின்ன வேண்டாம். வேகவைத்தால் நல்ல உணவு. பச்சையாக இருக்கையில் சிலவற்றில் நச்சுப்பொருள் உண்டு. வெள்ளரி கசந்தாலும் துப்பிவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் வாடிய கொடியில் கசப்பு கூடும். 'மருந்துதானே' என்று கசப்பை விழுங்கினால் வயிற்றைப் புரட்டும்.

வீட்டுக்கு எந்தக் கடலை?

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். துவையலுக்கு எந்தக் கடலையை எடுக்கிறீர்கள்?

அனேகமாக எல்லா ஊரிலும் ஒரே கதைதான். திரட்சியான கடலை மூட்டை கட்டி வியாபாரிக்குப் போகிறது. சூம்பியது, உடைந்தது, கறுத்தது, மண்ணோடு கிடந்து பொறுக்கியது — இதெல்லாம் 'வீட்டுச் செலவுக்கு' என்று மூலையில் இருக்கும் பானைக்குப் போகிறது. துவையலில் அரைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு எண்ணம். தெரியத்தான் தெரியாது. ஆனால் அங்கேதான் ஆபத்து.

சரியாகக் காயாத கடலையில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு பூஞ்சணம் பிடிக்கும். அது அஃப்ளாடாக்ஸின் என்கிற நஞ்சைச் சுரக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் என்ன நோய் என்று தெரியாமல் செத்தன. ஆராய்ந்தபோது அவற்றுக்குப் போட்ட தீவனத்தில் இருந்த பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று தெரிந்தது. மனிதருக்கும் இது விஷம்தான். 1974-இல் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் கிராமங்களில் மழையில் நனைந்து பூத்த மக்காச்சோளத்தைத் தின்று மஞ்சள் காமாலை போலக் கண்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் உள்ளே போனால் கல்லீரலில் புற்றுநோய் வரவும் அது காரணமாகும்.

இந்த நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது. அரைத்தால், புளி விட்டால், தாளித்தால் போகாது. செக்கில் ஆட்டினால் ஒரு பங்கு எண்ணெயில் இறங்கும். பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கும். அந்தப் புண்ணாக்கைத் தின்கிற மாட்டின் பாலிலும் வந்து சேரும். ஆகவே, பூத்த கடலையை வீட்டுக்கும் வேண்டாம், செக்குக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம். குழியில் போட்டு மூடிவிடுங்கள். பொருள் நஷ்டம்தான். ஆஸ்பத்திரிச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதைத் தடுப்பது வயலிலும் களத்திலும் இருக்கிறது. ஆடிப்பட்டத்து மானாவாரிக் கடலை ஐப்பசி, கார்த்திகையில் அறுவடைக்கு வருகிறது. அடைமழை நேரம். பறித்த செடியைக் குவித்துப் போட்டால் உள்ளே புழுங்கிப் பூசணம் பிடிக்கும். காய் மேலே தெரிகிற மாதிரி செடியைக் கவிழ்த்து வைத்துக் காயவிட வேண்டும். மழை வருகிறது என்றால் தார்ப்பாய் தயாராக இருக்க வேண்டும். காய்களைக் களத்தில் மெல்லியதாகப் பரப்பிக் கிளறிவிட வேண்டும். காதருகே வைத்து ஆட்டினால் பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் சுலபமாக உரிய வேண்டும். அதுதான் காய்ந்ததற்கு அடையாளம். பருப்பில் ஈரம் நூற்றுக்கு எட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. களைக்கொத்து பட்டு உடைந்த காயை அன்றே தனியாகப் பொறுக்கிவிடுங்கள். ஓட்டில் வெடிப்பு இருந்தால் பூசணம் அதன் வழியாகத்தான் நுழையும். மெஷினில் உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்கக் காயில் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அது பூசணத்துக்கு விருந்து வைக்கிற மாதிரி. மூட்டையை வெறும் தரையில் அடுக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, வியாபாரி வருவதற்கு முன்னாலேயே வீட்டுக்கு ஒரு சாக்கு நல்ல கடலையை எடுத்து ஒதுக்கிவிடுங்கள். விற்றதுபோக மிஞ்சினது வீட்டுக்கு என்று இருக்கக்கூடாது.

துவையல் செய்யும் முறை

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அளவு சொல்கிறேன். தாய்மார்கள் குறித்துக்கொள்ளலாம், ஆண்களும் குறித்துக்கொள்ளலாம், தப்பில்லை.

நிலக்கடலைப் பருப்பு 100 கிராம், கறிவேப்பிலை உருவியது இரண்டு கைப்பிடி அல்லது முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, கொத்தமல்லித் தழை ஒரு கைப்பிடி, காய்ந்த மிளகாய் நாலு, பூண்டு நாலு பல், கொட்டைப்பாக்கு அளவு புளி, நல்லெண்ணெய் இரண்டு சின்னக் கரண்டி, கல் உப்பு தேவைக்கு.

முதலில் பருப்பைச் சுளகில் கொட்டி வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சூம்பியது, நிறம் மாறியது, பூசணம் தெரிவது, வண்டு துளைத்தது எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வாயில் போட்டுப் பார்த்துக் கசந்தால் அந்தக் கடலையே வேண்டாம்.

இரும்புச் சட்டியில் எண்ணெய் இல்லாமல் சிறு தீயில் பருப்பை வறுங்கள். தோல் வெடித்து வாசனை வரும்போது இறக்கிவிட வேண்டும். கறுகவிட்டால் துவையல் கசக்கும். ஆறினதும் கையால் தேய்த்துப் புடைத்தால் தோல் பறந்துவிடும்.

அதே சட்டியில் நல்லெண்ணெய் விட்டு மிளகாயையும் பூண்டையும் வதக்குங்கள். அப்புறம் கறிவேப்பிலையைப் போட்டு இரண்டு புரட்டுப் புரட்டி உடனே இறக்குங்கள். முருங்கைக்கீரை என்றால் கொஞ்சம் சுருளும்வரை வதக்கினால் போதும். கீரை மொறுமொறுவென்று ஆகும்வரை விட்டால் சத்து குறைந்துவிடும். கொத்தமல்லித் தழையை வதக்கவே வேண்டாம், பச்சையாகவே அரைக்கலாம்.

முதலில் மிளகாய், உப்பு, புளி, பூண்டு, இலை இவற்றை அரைத்துக்கொண்டு, கடைசியில் கடலையைச் சேர்க்க வேண்டும். கடலையை முதலிலேயே போட்டால் எண்ணெய் விட்டு இலை மசியாது. அம்மியோ மிக்ஸியோ எதுவானாலும் சரி. காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரையுங்கள். சோற்றில் பிசைகிற துவையலைவிடச் சற்று இளக்கமாகவும், இட்லிக்கு ஊற்றுகிற சட்னியைவிடக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். வெள்ளரித் துண்டை முக்கி எடுத்தால் துவையல் ஒட்டிக்கொண்டு வரணும், கீழே சொட்டக்கூடாது. அதுதான் பதம்.

நூறு கிராம் கடலையில் சுமார் 40 கிராம் எண்ணெய் இருக்கிறது. ஐந்து பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு எட்டு கிராம். வதக்கின நல்லெண்ணெய் தனி. நாலைந்து கிராம் போதும் என்று சொன்னேன் இல்லையா, அதற்கு மேலேயே கிடைத்துவிடுகிறது. புரதமும் ஆளுக்கு ஐந்து கிராம்வரை சேருகிறது.

தண்ணீர் விட்டு அரைத்த துவையல் நம் ஊர் வெயிலில் ஒரு பொழுதுக்குத்தான் தாங்கும். காலையில் அரைத்ததை மாலைக்குள் முடித்துவிடுங்கள். வயல் வேலை நாளில் தினமும் அரைக்க முடியாது என்றால் இன்னொரு வழி. கறிவேப்பிலையை நிழலில் உலர்த்தி, வறுத்த கடலை, மிளகாய், உப்பு, பூண்டோடு தண்ணீர் இல்லாமல் பொடியாக இடித்து, ஈரமில்லாத பாட்டிலில் மூடிவைத்தால் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். வெயிலில் உலர்த்த வேண்டாம். கரோட்டின் வெளிச்சத்தில் அழிந்துபோகும். தேவையானபோது இரண்டு கரண்டிப் பொடியில் மோரோ எலுமிச்சைச் சாறோ விட்டுக் குழைத்தால் தொட்டுக்கொள்ளத் தயார்.

கடலை இல்லாத காலத்தில் எள்ளை வறுத்து இதே மாதிரி அரைக்கலாம். எள்ளிலும் எண்ணெய் நிறைய. பொரிகடலையில் அரைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் எண்ணெய் மிகக் குறைவு. ஆகவே நல்லெண்ணெய் ஒரு கரண்டி கூட விட வேண்டும். வீட்டில் மாடு இருந்தால் கெட்டித் தயிரில் கொத்தமல்லித் தழை, சின்ன வெங்காயம், உப்புச் சேர்த்து அதையும் தொட்டுக்கொள்ளலாம். வெண்ணெய் எடுக்காத தயிராக இருக்க வேண்டும்.

காய் சுத்தமாக இருக்க வேண்டும்

சமைக்கிற காயில் உள்ள அழுக்கை அடுப்பு கொஞ்சம் பார்த்துக்கொள்ளும். பச்சைக் காய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

பூச்சி மருந்து அடித்த காயை உடனே பறிக்கக்கூடாது. மருந்து டப்பாவோடு வரும் சீட்டில் எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று போட்டிருக்கும். பச்சை முக்கோணம் போட்ட மருந்துதானே என்று அலட்சியம் வேண்டாம்; எந்த நிறம் ஆனாலும் அந்த நாள் கணக்கு உண்டு. மேலே படிந்த மருந்து கழுவினால் ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவிப் பாய்கிற மருந்து எத்தனை கழுவினாலும் போகாது. விற்பனைக்கு அனுப்புகிற காய்க்கும் இதே சட்டம்தான். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் நம் காயை வாங்குகிறவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றன.

சாக்கடைத் தண்ணீர் கலந்து பாய்கிற வயலில் விளைந்ததைப் பச்சையாகத் தின்ன வேண்டாம். அந்தத் தண்ணீரில் வரும் நாடாப்புழு முட்டை வயிற்றுக்குள் போனால் சில பேருக்கு மூளைவரை போய் வலிப்பு உண்டாக்கும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் புழு முட்டை செத்துவிடும் என்று நம்பாதீர்கள். ஓடுகிற நல்ல தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். முள்ளங்கி, கேரட்டைத் தோல் சீவுங்கள். முட்டைக்கோஸில் மேல் இலைகளை எடுத்துவிடுங்கள். பிறகுதான் நறுக்க வேண்டும். நறுக்கிய பிறகு கழுவினால் சத்து போகும். கறி, மீன் வெட்டிய அரிவாள்மணையில் அப்படியே காயை அரியக் கூடாது. நறுக்கின காயை மூடிவைத்து உடனே தின்றுவிட வேண்டும்.

யாருக்கு எப்படி?

நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கேரட், முள்ளங்கித் துண்டுகளையோ முழுக் கடலையையோ கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கிக்கொள்ளும். காயைத் துருவி, காரம் இல்லாமல் அரைத்த துவையலோடு பிசைந்து கொடுங்கள். கடலை ஒத்துக்கொள்ளாத உடம்பும் சில பேருக்கு உண்டு. முதல் தடவை கொடுக்கும்போது ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். தடிப்பு, வீக்கம், மூச்சு இழுப்பு கண்டால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பைப் பாதியாக்கி எலுமிச்சைச் சாறு கூட்டிக்கொள்ளலாம்.

இதற்காகப் பெரிய தோட்டம் ஒன்றும் வேண்டாம். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. வேலியோரம் இரண்டு முருங்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-இல் வந்த பி.கே.எம். 1 செடிமுருங்கையை விதை போட்டே வளர்க்கலாம். கிணற்றடியில் ஒரு பாத்தி முள்ளங்கி, கொத்தமல்லி. கோடையில் நாலு குழி வெள்ளரி. இந்த இடத்தில் பூச்சி மருந்து அடிப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விவசாயி நேரடியாக விற்கிற உழவர் சந்தையை 1999 நவம்பர் 14-ஆம் தேதி தமிழ்நாட்டு அரசு தொடங்கிவைத்தது நம் மதுரை அண்ணா நகரில்தான். இடைத்தரகர் இல்லாமல் வாங்குகிறவர் கைக்கு நல்ல காய் போக வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. அந்தச் சந்தைக்குக் கூடை கட்டும்போது, முதல் கூடையிலிருந்து இரண்டு வெள்ளரியையும் ஒரு கட்டுத் தழையையும் எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கு அதை நறுக்கி, பக்கத்தில் கொஞ்சம் துவையல் வைத்துக் கொடுத்தால் போதும். பிள்ளைகள் தாமாகவே தொட்டுத் தொட்டுத் தின்னும்.

சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். கடலை காயவைப்பது முதல் மருந்து அடித்துக் காத்திருக்க வேண்டிய நாள் வரை எல்லாம் சொல்லித்தருவார்கள்.